வெட்டப்பட்ட இடது ஓரம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பண்ணையாளர் மன்றத் தலைவர் காளியண்ணன் அவர்களே, மேடையில் இருக்கும் கால்நடை மருத்துவர்களே, காலைத் தீவனத்தை முடித்த கையோடு ஓடி வந்திருக்கும் பண்ணையாளர்களே, முட்டை லாரிகளை வெளியே நிறுத்திவிட்டு வந்திருக்கும் ஓட்டுநர்களே, முன்வரிசையில் இருக்கும் ஐயாவின் மகள் தீபிகாவே, எல்லோருக்கும் என் வணக்கம்.

பதினோரு நாட்களுக்கு முன் நம்மை விட்டுப் பிரிந்த கால்நடை மருத்துவர் தீர்த்தகிரி அவர்களைப் பற்றிப் பேச என்னை அழைத்தீர்கள். எனக்கு முன் பேசியவர்கள் அவரை வள்ளல் என்றார்கள். கோழிகளைக் காத்த தெய்வம் என்றார் ஒருவர். அந்தச் சொல் காதில் விழுந்திருந்தால் அவர் மெதுவாக எழுந்து டீ குடிக்கப் போயிருப்பார். நான் ஒரு கல்லூரியின் நூலகர். இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பிறர் எழுதியதை அடுக்கி வைப்பதுதான் என் வேலை. புகழ்ந்து பேச எனக்கு வராது. அவர் உயிரோடு இருந்தபோது உங்கள் முன் நான் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அயோத்தியாப்பட்டணத்தில் பிறந்து, அரசு மருத்துவராக இந்த ஊருக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர் அவர். இறந்த கோழியை அறுத்துப் பார்த்த ஒவ்வொரு முறையும் ஒரு தாள் எழுதினார். அந்தத் தாளைப் பார்க்காதவர் இந்த மண்டபத்தில் யார்? நடுவில் ஈரல், குடல், மூச்சுக்குழல், எது கெட்டிருந்ததோ அதன் படம், வண்ணப் பென்சிலில். கீழே, என்ன கண்டேன், என்ன செய்யலாம் என்று ஐந்தாறு வரி. அவ்வளவுதான். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் எடுத்து, கேட்டவர்க்கும் கேட்காதவர்க்கும் கொடுத்தார். ஒரு பண்ணையில் வந்த நோய் பத்து நாளில் அடுத்த பண்ணைக்குப் போய்விடும், தாள் அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் கணக்கு. உங்கள் தீவன அறைக் கதவுகளில் அவை ஒட்டப்பட்டன. முட்டை லாரிகளில் ஏறிக் கேரளத்துக்குப் போயின. அங்கே ஒருவர் மலையாளத்தில் எழுதிச் சேர்த்து மறுபடி நகல் எடுத்தார். ஐயா சந்தோஷப்பட்டார்.

ஆனால் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். தாளைக் குறுக்கே திருப்பி வைத்து, இடது ஓரத்தில், மேலிருந்து கீழாக நுணுக்கி எழுதுவார். அன்றைய தேதி, பண்ணை இருக்கும் ஊர், கோழியின் வயது, அது தின்ற தீவனம், தன் கையெழுத்து. கடைசியில் இப்படி ஒரு வரி: "யாரும் நகல் எடுக்கலாம். இந்த ஓரத்தை வெட்டக் கூடாது."

தலைவர் காளியண்ணன் ஒருமுறை அவரிடம் கேட்டார். நான் அப்போது பக்கத்தில் இருந்தேன்.

"ஏனுங்க டாக்டரு, சும்மா குடுக்கறதுக்கு எதுக்குங்க கண்டிசனு?"

"சும்மா குடுக்கறதாலதான் கண்டிசன். வித்திருந்தா, வாங்கினவன் சண்டை போடவாவது என்னைத் தேடி வருவான். சும்மா குடுத்தா எங்க போய்ச் சேரும்னு எனக்கே தெரியாது. தேதியாவது தொணைக்குப் போகட்டும்."

"அதுக்கு நீங்களே லாரில ஏறிப் போயிரலாமுங்க."

"இடம் இருந்தா சொல்லு, வரேன்."

சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் சிரிக்கவில்லை. இலவசமாகக் கொடுத்துவிட்டு நிபந்தனையும் போட்டால் யார் மதிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். பதிவு செய்யுங்கள் சார், புத்தகமாகப் போடுங்கள் சார் என்று பல வருடம் நச்சரித்தேன். புத்தகம் அச்சாகி வருவதற்குள் நோய் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும் என்பார். அதோடு பேச்சு முடியும்.

அவர் ஏன் தேதியைப் பிடித்துத் தொங்கினார் என்பது பண்ணையாளர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டாயிரத்து ஒன்பதில், வளரும் கோழிக்குச் சளி கண்டால் இந்த மருந்தைக் கொடு என்று ஒரு தாள் எழுதினார். அது சரியான மருந்து. பிறகு தீவனத்தில் ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து ஒன்றைக் கலக்கும் வழக்கம் இந்தப் பக்கம் பரவியது. அந்த இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் கோழிக்குக் கால் விழுந்துவிடும். உடனே இரண்டாயிரத்துப் பதினாறில் இன்னொரு தாள் எழுதினார்: தீவனத்தில் அது இருந்தால் இந்தச் சளி மருந்தைத் தொடாதே. முதல் தாள் பொய்யில்லை, இரண்டாம் தாளும் பொய்யில்லை. எது எப்போது எழுதியது என்று தெரியாவிட்டால் இரண்டில் ஒன்று விஷம்.

ஜெராக்ஸ் காலத்தில் இந்த நிபந்தனை காப்பாற்றப்பட்டது. மக்கள் யோக்கியர்களாக இருந்ததால் என்று நான் சொல்ல மாட்டேன். ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு எது தேவை, எது தேவையில்லை என்று தெரியாது. எண்ணெய்க் கறையையும் எடுத்தது, ஓரத்து எழுத்தையும் எடுத்தது. நகலின் நகலிலும் தேதி மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தது. இணையம் வந்ததும் அது மாறியது. இப்போதைய இயந்திரம் தாளை எடுப்பதில்லை. தாளிலிருந்து எழுத்தை உரித்து எடுக்கிறது. யார் கை, எந்த ஊர், எந்த நாள் என்பதையெல்லாம் தோலைப் போல வீசிவிடுகிறது.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் ஐயாவின் ஆயிரத்து நூற்று நாற்பது தாள்களும் எங்கள் கல்லூரியின் இணையக் களஞ்சியத்தில் ஏறின. அடுத்த நான்கு ஆண்டுகளில் ஒரு செயலி வந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை, வழக்கு நடக்கிறது. கோழிக்கு என்ன செய்கிறது என்று பேசினால் போதும், அது தமிழில் பதில் சொல்லும். உங்களில் பாதிப் பேர் போனில் அது இருக்கிறது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஆடி மாதம். ஜேடர்பாளையம் போகும் வழியில் பண்ணை வைத்திருக்கும் பூவாத்தாள் அம்மாவின் வளரும் கோழிகளுக்குக் காற்றில் சளி பிடித்தது. ஐயா அப்போது மகள் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தார். அம்மா செயலியிடம் கேட்டார். மருந்தைத் தண்ணீரில் கலந்தார். மூன்றாம் நாள் ஐயாயிரம் கோழிகளில் மூவாயிரத்து எண்ணூறு எழுந்து நிற்கவில்லை. ஐயா காய்ச்சலோடு போய்ச் சேர்ந்தார். அங்கே நடந்த பேச்சை பூவாத்தாள் அம்மாவே எனக்குச் சொன்னார். அவர் அனுமதியோடு சொல்கிறேன்.

"என்னம்மா போட்ட?"

"நீங்க சொன்னதத்தானுங்க போட்டேன். சொல்றதயும் சொல்லிப்போட்டு, இப்ப வந்து என்னத்தப் போட்டேனு கேக்கறீங்க?"

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"போன்ல சொன்னீங்களே. 'மொதல்ல தண்ணிய மாத்து, அப்புறம் மருந்தத் தேடு'ன்னு உங்களத் தவுத்து வேற எந்த டாக்டருங்க சொல்லுவாரு?"

ஐயா அந்தப் போனை வாங்கி மூன்று முறை படித்தார். அவருடைய வாக்கியம். அவருடைய மருந்து, அவருடைய அளவு. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுத் தாள். பதினாறாம் ஆண்டுத் தாளும் அந்தச் செயலிக்குள் இருந்தது. இரண்டிலும் தேதி இல்லை. இயந்திரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தது.

அவர் நிறுவனத்தைக் கூப்பிட்டார். ஒரு பெண் மரியாதையாகப் பேசினார்: "சார், அது இன்டர்நெட்ல பொதுவா இருந்த தகவல் சார். எங்க சிஸ்டம் காப்பி அடிக்கல சார், கத்துக்கிச்சு."

"கத்துக்கிட்டவன் யார்கிட்டன்னு சொல்லுவானேம்மா" என்றார் ஐயா.

வேறு பண்ணையில் இப்படி நடந்துவிடக் கூடாது என்று, பதினாறாம் ஆண்டுத் தாளைத் தன் சொந்த வலைப்பக்கத்தில் ஓரத்தோடு போட்டார். மூன்றாம் நாள் அது நீக்கப்பட்டது. அதிலிருந்த படம் ஒரு நிறுவனத்தின் உரிமைப் பொருளோடு ஒத்துப்போகிறதாம். எந்த நிறுவனம் என்று நான் சொல்ல வேண்டுமா? ஆட்சேபிக்க ஒரு படிவம் வந்தது. நூலகத்தில் என் கணினியில்தான் நிரப்பினோம். உரிமையாளரிடம் அனுமதி பெற்றீர்களா என்பது முதல் கேள்வி. "நான்தான் உரிமையாளர்" என்று எழுதச் சொன்னார். அதற்கு ஆதாரம் கேட்டது இரண்டாவது கேள்வி. ஐயா என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காதேம்பாங்க. இங்க தானம் குடுத்தவன் பல்லையே புடிச்சுப் பாக்கறானுங்க, பாரும்மா."

நண்பர்களே, இந்தக் காலத்துப் பதிப்புரிமை என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள். நானும் கருத்தரங்குகளுக்குப் போயிருக்கிறேன். கட்டணம் இல்லாமல் கொடுத்தால் அது கட்டுப்பாடும் இல்லாதது என்று எப்போது ஆனது? யார் அப்படி முடிவு செய்தார்கள்? ராஜவாய்க்காலில் ஓடும் தண்ணீர் எல்லோருக்கும்தான். அதற்காக முறை தவறி ஒருவர் மடையை உடைத்தால் விட்டுவிடுவீர்களா? அந்தச் செயலியை இறக்கும்போது நாற்பது பக்க ஒப்பந்தம் ஒன்று வரும். யாரும் படிப்பதில்லை. "ஒப்புக்கொள்கிறேன்" என்று தட்டிவிட்டுப் போகிறோம். தட்டியதால் நாம் கட்டுப்பட்டவர்கள் என்கிறார்கள். நாம் படிக்காத நாற்பது பக்கம் நம்மைக் கட்டும். ஒரு மனிதர் முப்பது ஆண்டுகள் தன் கையால் எழுதி வைத்த ஒரு வரி அவர்களைக் கட்டாதா? இதை நான் ஏற்கவில்லை. தீர்த்தகிரி அவர்களும் ஏற்கவில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்.

எழுதியவர் தன் உரிமையையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டாலும், தன் எழுத்து தன் பெயருக்குக் கேடு வரும்படி சிதைக்கப்பட்டால் தடுக்கும் உரிமை அவரிடமே நிற்கும் என்கிறது நம் நாட்டுச் சட்டம். அவருக்குப் பின் அது வாரிசுக்கு வரும். அவர் கேட்டது பணம் இல்லை. வழக்கு மனுவில் கேட்டது இரண்டே இரண்டுதான்: என் தாளிலிருந்து சொல்வதாக இருந்தால் தேதியோடு சொல், அல்லது சொல்லாதே.

இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் எங்கள் கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. இணையக் களஞ்சியம் இருந்தால் மதிப்பெண் உண்டு. எங்களிடம் களஞ்சியத்தில் போட ஒன்றும் இல்லை. ஐயாவிடம் கேட்டேன். பதினோரு கோப்புகளை ஸ்கூட்டரில் நான்கு நடையாகக் கொண்டுவந்து வைத்தார். முழு நீளத் தாள்கள். ஸ்கேன் செய்தபோது இடது ஓரம் முழுக்கக் கோப்பில் கட்டிய துளைகள், துருக்கறை, குறுக்காகத் தெரியும் நுணுக்கெழுத்து. குழுவின் கண்ணுக்கு அசிங்கமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு கட்டளையில் ஆயிரத்து நூற்று நாற்பது தாள்களின் இடது ஓரத்தையும் வெட்டினேன். கீழே கல்லூரி முத்திரையைப் போட்டேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது. நல்ல மதிப்பெண் கிடைத்தது.

நிறுவனம் ஓரத்தை வெட்டவில்லை. நான் வெட்டினேன். பதிப்புரிமை பற்றி அவருக்குப் பாடம் எடுத்த நான், அவர் வைத்த ஒரே நிபந்தனையைப் படித்த நான், அதை அழுக்கு என்று வெட்டினேன்.

பூவாத்தாள் அம்மாவின் பண்ணையிலிருந்து வந்த வாரம் அவர் நூலகத்துக்கு வந்தார். களஞ்சியத்தைத் திறக்கச் சொன்னார். ஏழெட்டுத் தாள்களைப் பார்த்தார்.

"ஏம்மா, ஓரம் அழுக்கா இருந்துச்சோ?"

"ஆமாங்க சார்."

"இருக்கும். நான் எழுதற லட்சணம் அப்படி."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை கடிந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அன்றே அசல் கோப்புகளைத் தேடினேன். வெட்டுவதற்கு முன் ஸ்கேன் செய்தவை, நாள் நேரத்தோடு, ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. அவரிடம் சொன்னேன். வழக்கறிஞரிடம் கொடுக்கலாமா என்றும் கேட்டேன். "கொடுத்தா யார் வெட்டினதுன்னு கேப்பாங்க. உன் காலேஜ் உன்னை நிறுத்திட்டு மறுவேலை பாக்கும். வேற வழி கிடைக்கும், இரு" என்றார். நான் இருந்தேன். இரண்டு ஆண்டுகள் இருந்தேன்.

வேறு வழி கிடைக்கவில்லை. சென்ற மாதம் நிறுவனம் தன் பதிலைத் தாக்கல் செய்தது. இணையத்தில் இருந்த தாள்களில் பெயர் இல்லை, தேதி இல்லை, நிபந்தனை இல்லை, வாதியே அப்படித்தான் வெளியிட்டிருக்கிறார் என்கிறது அந்தப் பதில். அதைப் படித்த பிறகும் ஐயா என் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பதில் வந்த பத்தாம் நாள் மாரடைப்பில் போய்விட்டார்.

அவர் இறந்த ஐந்தாம் நாள் தீபிகாவுக்கு அந்த நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. முதல் பக்கம் அனுதாபம். அடுத்த ஒன்பது பக்கம் ஒப்பந்தம். ஐயாவின் தாள்கள் எல்லாம், இன்னும் இணையத்தில் ஏறாதவையும் சேர்த்து, உலகம் முழுவதும், இனிமேல் கண்டுபிடிக்கப்படும் வடிவங்களிலும், உரிமைக் காலம் முடியும்வரை அவர்களுக்கு. உரிமைக் காலம் என்பது எழுதியவர் இறந்து அறுபது ஆண்டு. வழக்கைத் திரும்பப் பெற வேண்டும். தேதி போடுவார்களா? அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பதிலுக்கு, ஆண்டுதோறும் நினைவு நாளில் செயலியின் முகப்பில் ஐயாவின் புகைப்படம்.

தீபிகா என்னிடம் காட்டினார். "அப்பா போட்டோ போடறாங்களாம்க்கா. கேஸ் எப்படியும் நிக்காதுன்னு சொல்றாங்க. போட்டுடட்டுமா கையெழுத்து?"

யோசிக்கலாம் என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன என்னை என்ன சொல்வது? வழக்கு நிற்காது என்று தீபிகா நம்பியதற்குக் காரணமே என் மௌனம். ஓரம் வெட்டப்பட்டது, அவருக்குத் தெரியாமல் வெட்டப்பட்டது, அவர் சம்மதம் கொடுத்தது ஓரத்தோடு உள்ள தாளுக்குத்தான் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். நான் வாய் திறக்காவிட்டால் அவர் எழுதியதெல்லாம் அனாதைத் தாள். அறுபது ஆண்டுகளுக்கு, எந்தப் பண்ணையில் எந்தக் கோழி விழுந்தாலும், அவர் குரலில் அந்த இயந்திரம் பேசிக்கொண்டிருக்கும்.

முந்தாநாள் தீபிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரெண்டு வருஷமாவாக்கா?" என்றார்.

"ஆமாம்மா."

"அப்பாவுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"அவர் அப்படித்தான்" என்றார். "ஆனா நான் அவர் இல்லக்கா. எனக்குக் கோபம் போகாது." சொல்லிவிட்டு ஒப்பந்தத்தை எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு கிழித்து, அதே உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினார். அந்தக் கோபம் எனக்குரியதுதான். வாங்கிக்கொள்கிறேன். அது போக வேண்டாம்.

நேற்றுக் காலை என் பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்திட்டேன். முதல் பத்தியில் வெட்டியது நான் என்று இருக்கிறது. பிறகு கல்லூரி முதல்வரிடம் போய் ஒரு நகல் கொடுத்தேன். கல்லூரிப் பெயர் வராமல் சொல்ல முடியாதா என்று கேட்டார். கல்லூரி முத்திரை ஆயிரத்து நூற்று நாற்பது தாளில் இருக்கிறதே சார் என்றேன். மாலையில் கடிதம் வந்தது. மறு உத்தரவு வரும்வரை நான் விடுப்பில் இருக்கிறேன்.

உங்களிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. என் ஹார்ட் டிஸ்க்கை நம்ப மாட்டோம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். சொல்லட்டும். உங்கள் தீவன அறைக் கதவுகளில் ஒட்டிய தாள்களை யாரும் கணினியில் செய்ய முடியாது. புகை பிடித்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், கறையாக இருக்கலாம். தயவுசெய்து துடைக்க வேண்டாம், நேராக வெட்ட வேண்டாம். அப்படியே உரித்துக் கொண்டுவாருங்கள். பூவாத்தாள் அம்மா இரண்டு கொண்டுவந்துவிட்டார். அவருக்கு ஐயாவின் மேல் கோபப்பட எல்லா நியாயமும் இருந்தது. "அந்த மனுசன் பேர்ல பொய் சொல்லிக் கொன்னானுங்க, கோழியயும் கொன்னானுங்க, பேரயும் கொன்னானுங்க. நான் வந்து சொல்லுவேனுங்க" என்கிறார். மன்றத்தின் அலுவலகத்தில் நாளை முதல் நான் இருப்பேன். வழக்கு முடிந்ததும் எல்லாத் தாள்களும் அவர் எழுதியபடியே, முழுத் தாளாக, எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் ஏறும். அதை மன்றத்தின் பெயரில் செய்யத் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மருத்துவர் தீர்த்தகிரி அவர்களே, உங்கள் பேச்சை ஒருமுறை கேட்காமல் உங்கள் தாளைக் கெடுத்தேன். இரண்டாம் முறையும் கேட்கப் போவதில்லை. என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றீர்கள். நான் சொல்லப் போகிறேன்.

கடைசி வரிசையில், மலர்வளையத்தோடு வந்து அமர்ந்திருக்கும் அந்த நிறுவனத்து நண்பர்கள் இருவருக்கும் வணக்கம். வந்ததற்கு நன்றி. உங்கள் வழக்கறிஞரிடம் ஒரு தகவல் சொல்லுங்கள். வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் சாட்சிக் கூண்டில் ஏறுகிறேன். என்னை எவ்வளவு நாள் வேண்டுமானாலும் குறுக்கு விசாரணை செய்யட்டும். எனக்கு இப்போது நிறைய நேரம் இருக்கிறது.